வருமானம் கூடினால் பிள்ளைப்பேறு குறைவது விதியா?

#1 – தராசு

தனிநபர் வருமானத்தைப் படுக்கை அச்சிலும், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளைகள் என்பதை நிமிர்ந்த அச்சிலும் வைத்து எல்லா நாடுகளையும் புள்ளியாகக் குறித்தால், படம் இடமிருந்து வலமாகச் சரியும். ஏழை நாடுகளில் பிள்ளைகள் அதிகம், பணக்கார நாடுகளில் குறைவு. இதைப் பார்த்தவுடன் ‘வளர்ச்சி வந்தால் பிறப்பு தானாகக் குறையும்’ என்று சொல்லத் தோன்றும். 1974இல் புக்காரெஸ்டில் நடந்த உலக மக்கள்தொகை மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கரண் சிங் பேசியதும் அதுதான்: வளர்ச்சியே சிறந்த கருத்தடை.

ஆனால் அந்தப் படம் ஒரே ஒரு ஆண்டுக்கானது. அதே நாடுகளைக் காலவரிசையில் பின்னோக்கிக் கொண்டுபோனால் கணக்கு உதைக்கிறது. தொழிற்புரட்சி முதலில் வந்தது இங்கிலாந்தில். அப்படியானால் பிறப்பும் அங்கேதான் முதலில் குறைந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. பெரும்பாலும் உழவர்கள் வாழ்ந்த பிரான்ஸில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிறப்பு குறையத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் அது தொடங்கியது 1870களில்தான். இடையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. அதன் விளைவு மக்கள்தொகையில் அப்படியே தெரிகிறது: 1801இல் இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து சுமார் 90 லட்சம் பேர், 1911இல் 3.6 கோடி. அதே காலத்தில் பிரான்ஸ் ஏறத்தாழ 3 கோடியிலிருந்து 4 கோடியைத் தொடவே திணறியது.

நீராவி இயந்திரமும் பருத்தி ஆலையும் ஒரு பக்கம், பிறப்புக் குறைவு மறுபக்கம். அப்படியானால் வளர்ச்சி என்று நாம் சொல்கிற மூட்டைக்குள் எந்தப் பொருள் பிறப்பைக் குறைக்கிறது? வருமானமா, பள்ளிக்கூடமா, மருத்துவமா, வேறு ஏதாவதா? இதைப் படித்தவர்கள், யோசித்தவர்கள் எழுதுங்கள்.

#2 – கடலோடி

நல்ல கேள்வி. ஆனால் விதிவிலக்குகளில் மயங்கி விதியை விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து.

மக்கள்தொகை நிலைமாற்றம் என்ற கருத்தை 1929இல் வாரன் தாம்ப்சனும், 1945இல் ஃபிராங்க் நோட்ஸ்டைனும் வடித்துக் கொடுத்தார்கள். முதலில் இறப்பு குறைகிறது. பிறப்பு கொஞ்ச காலம் பழைய உயரத்திலேயே நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் மக்கள்தொகை வீங்குகிறது. அப்புறம் பிறப்பும் இறங்கி வந்து இறப்போடு சேர்ந்துகொள்கிறது. எந்த ஆண்டு தொடங்கும், எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதில் நாடுகள் வேறுபடலாம். திசையில் வேறுபாடு இல்லை. 1960களின் தொடக்கத்தில் உலகச் சராசரி ஒரு பெண்ணுக்கு 5 பிள்ளைகள். இன்று 2.3க்குக் கீழே.

பணம் வந்தும் பிள்ளை குறையவில்லையே என்று எண்ணெய் நாடுகளைக் காட்டுவார்கள். சவூதி அரேபியாவில் 1980 வாக்கில் சராசரி 7. இன்று 3க்குக் கீழே. தாமதமானது, அவ்வளவுதான். இஸ்ரேல் ஒன்றுதான் வளமாக இருந்தும் 3க்குச் சற்றுக் கீழே நின்றுகொண்டிருக்கிறது.

#3 – வினாக்குறி

குறுக்கே ஒரு சந்தேகம். செய்திகளில் ‘பிறப்பு விகிதம்’ என்று ஆயிரம் பேருக்கு இத்தனை என்கிறார்கள். இங்கே ஒரு பெண்ணுக்கு இத்தனை பிள்ளை என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

#4 – தராசு

இல்லை நண்பரே. ஆயிரம் பேருக்கு எத்தனை பிறப்பு என்ற கணக்கில் முதியவர்களும் சிறுவர்களும் சேர்ந்துவிடுகிறார்கள். இளம்பெண்கள் நிறைய இருக்கும் நாட்டில், ஒவ்வொருவரும் இரண்டே பிள்ளை பெற்றாலும் அந்த எண் உயரமாகத் தெரியும். நாம் பேசுவது மொத்தக் கருவள விகிதம். இந்த ஆண்டு ஒவ்வொரு வயதிலும் உள்ள பெண்கள் பிள்ளை பெறும் அதே வேகத்தில் ஒரு பெண் வாழ்நாள் முழுதும் பெற்றால் மொத்தம் எத்தனை என்ற கணக்கு. அது 2.1 இருந்தால் ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ளும். குழந்தை இறப்பு அதிகமுள்ள இடத்தில் ஈடுசெய்ய 2.1 போதாது, இன்னும் கூடுதலாக வேண்டும்.

#5 – செங்காந்தள்

கடலோடி ஐயா, ‘இறப்பு குறைகிறது, பிறகு பிறப்பு குறைகிறது’ என்று இரண்டே வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நான் கையால் போட்டுப் பார்த்த ஒரு சின்னக் கணக்கு இது. பொறுமையாகப் படியுங்கள்.

பிறக்கும் பிள்ளைகளில் மூன்றில் ஒன்று வளர்வதற்குள் இறந்துவிடும் ஒரு சமூகம். முதுமையில் சோறு போட மகன் ஒருவனாவது உயிரோடு இருக்க வேண்டும் என்று அங்கே ஒரு தம்பதி நினைக்கிறார்கள். ஒவ்வொரு பிறப்பிலும் ‘வளர்ந்து நிற்கும் மகன்’ கிடைக்க வாய்ப்பு பாதியில் மூன்றில் இரண்டு, அதாவது மூன்றில் ஒன்று. ஆறு பிள்ளை பெற்றாலும் ஒரு மகன்கூட மிஞ்சாமல் போக நூற்றுக்கு 9 வாய்ப்பு இருக்கிறது. ஆறு என்பது அவர்களுக்கு ஆசையோ அறியாமையோ அல்ல, காப்பீடு.

இப்போது மருத்துவம் வந்து, இறப்பு நூற்றுக்கு 5 ஆகிவிட்டது என்று வையுங்கள். அதே உறுதி வேண்டுமென்றால் நான்கு பிள்ளைகள் போதும் (மகன் மிஞ்சாமல் போக நூற்றுக்கு 8). ஆறு நான்காகிவிட்டது. ஆனால் இரண்டாகவில்லை! குழந்தை இறப்பு எவ்வளவு குறைந்தாலும் மகன்தான் வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும்வரை கணக்கு நான்கிலேயே முட்டிக்கொண்டு நிற்கும்.

அந்த நிபந்தனையை எடுத்துவிடுங்கள். மகளும் படித்து, சம்பாதித்து, பெற்றோரைப் பார்த்துக்கொள்ள முடியும், சமூகமும் அதை ஏற்றுக்கொள்ளும் என்றால், இரண்டு பிள்ளை பெற்றாலே குறைந்தது ஒருவர் இருப்பார் என்பது நூற்றுக்கு 99க்கும் மேல் உறுதி. முதல் இறக்கத்தைத் தடுப்பூசி செய்கிறது. இரண்டாவது இறக்கத்தைச் செய்வது பெண்ணின் நிலை. இந்தக் கணக்கில் வருமானம் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முதுமைக்கு ஓய்வூதியம் வந்துவிட்டால் காப்பீடு என்ற தேவையே தளர்ந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

#6 – மருதம்

அக்கா, கணக்கு அருமை. ஆனால் வரலாறு அந்த வரிசையில் நடக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தில் 1870களிலேயே பிறப்பு இறங்கத் தொடங்கியது. ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையோ 1900 வரை ஆயிரத்துக்குச் சுமார் 150 என்ற அளவிலேயே கிடந்தது. குழந்தைகள் பிழைப்பார்கள் என்ற நம்பிக்கை வருவதற்கு முன்பே அங்கே பிறப்பைக் குறைத்துவிட்டார்கள்.

தராசு கேட்ட கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ‘வருமானம் கூடினால் பிறப்பு குறையும்’ என்ற தொடர்பே ஒப்பீட்டளவில் புதியது. அதற்கு முன்பு நேரெதிர். மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றி மால்தஸ் 1798இல் எழுதிய காலத்தில் அவர் கண்முன் இருந்த இங்கிலாந்தில் கூலி உயர்ந்தால் இளைஞர்கள் சீக்கிரம் மணந்தார்கள், பிள்ளைகள் கூடின. கூலி சரிந்தால் திருமணம் தள்ளிப்போனது. ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் ஆலயப் பதிவேடுகளிலிருந்து இங்கிலாந்தின் சில நூற்றாண்டு மக்கள்தொகையை மீட்டெடுத்து 1981இல் வெளியிட்டபோது, கூலியின் பின்னாலேயே சற்றுத் தாமதித்துத் திருமணம் அசைவது அதில் தெரிந்தது.

மேற்கு ஐரோப்பாவில் பெண்கள் சராசரியாக 24, 25 வயதில்தான் மணந்தார்கள், பலர் மணக்கவே இல்லை. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து இத்தாலியின் திரியெஸ்தே வரை ஒரு கோடு இழுத்தால் அதற்கு மேற்கே இந்தப் பழக்கம் என்று ஜான் ஹஜ்னல் 1965இல் காட்டினார். கருத்தடை இல்லாத காலத்தில் திருமண வயதுதான் அவர்களுடைய குழாய்த் திருகு.

ஆக, வளர்ச்சிக்கும் பிறப்புக்குமான தொடர்பு ஒரு காலத்தில் நேர்விகிதம், பிறகு எதிர்விகிதம். குறியே மாறுகிற ஒன்றை எப்படி விதி என்பது?

#7 – கடலோடி

குறி மாறியதற்குக் காரணம் இருக்கிறதே. பிள்ளை என்றால் என்ன செலவு, என்ன வரவு என்பது மாறிவிட்டது.

பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1960இல் இதை எழுதினார். பெற்றோர் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு செலவிடுகிறோம் என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். படிப்புக்குப் பலன் இருக்கிற பொருளாதாரத்தில் ஐந்து பேரை அரைகுறையாக வளர்ப்பதைவிட இருவரை முழுதாகப் படிக்க வைப்பது மேல். அதோடு ஒரு பெண் வெளியே சம்பாதிக்கக்கூடிய தொகை உயர உயர, அவள் வீட்டில் கழிக்கும் ஒவ்வொரு ஆண்டின் விலையும் உயர்கிறது. கணவனின் வருமானம் கூடினால் பிள்ளை கூடலாம், மனைவியின் ஊதியம் கூடினால் குறையலாம். மொத்த வருமானம் என்று ஒரே எண்ணில் பார்ப்பதால்தான் குழப்பம்.

ஜான் கால்ட்வெல் நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே ஆய்வு செய்து 1976இல் இன்னும் எளிமையாகச் சொன்னார். செல்வம் எந்தப் பக்கம் பாய்கிறது? பிள்ளைகள் சிறுவயதிலிருந்தே உழைத்துப் பெற்றோருக்குக் கொடுக்கும் சமூகத்தில் அதிகப் பிள்ளை லாபம். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கத் தொடங்கியவுடன் அதே அதிகப் பிள்ளை நட்டம். பாய்ச்சலின் திசையைத் திருப்பியது பெரும்பாலும் பொதுக்கல்விதான். இங்கிலாந்தில் 1880இல் பள்ளி கட்டாயமானது என்பதை, மருதம், உங்கள் 1870களின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

#8 – மருதம்

1880ஐ வைத்தால் 1877ஐயும் வைக்க வேண்டும், ஐயா. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்ட்டன் எழுதிய கருத்தடைக் கையேட்டை மறுபதிப்பு செய்ததற்காக சார்லஸ் பிராட்லாவும் அன்னி பெசன்ட்டும் லண்டனில் வழக்கை எதிர்கொண்ட ஆண்டு அது. அடக்கப் போட்ட வழக்கே விளம்பரமாகிவிட்டது. சில மாதங்களில் லட்சத்துக்கும் மேல் பிரதிகள் விற்றன. திருமணத்துக்குள் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கலாம் என்பதே வெளியில் பேசக்கூடாத விஷயமாக இருந்தது. அது செய்தித்தாள் பேச்சானது.

அன்சிலி கோல் தலைமையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1963இல் ஒரு பெரிய வேலை தொடங்கியது. ஐரோப்பாவின் நூற்றுக்கணக்கான மாவட்டங்களுக்குப் பிறப்புக் குறைவு எப்போது தொடங்கியது என்று தேதி போட்டார்கள். ஆலை, நகரம், எழுத்தறிவு, குழந்தை இறப்பு எதை வைத்துப் பார்த்தாலும் ‘இந்த அளவைத் தாண்டினால் பிறப்பு குறையும்’ என்று ஒரு வாசலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. மாறாக மொழி எல்லைகளும் பண்பாட்டு எல்லைகளும் படத்தில் எழுந்து வந்தன. பெல்ஜியத்தில் ஃபிளெமிஷ் பேசும் பகுதிக்கும் பிரெஞ்சு பேசும் பகுதிக்கும் இடையிலான கோட்டின் இருபுறமும், ஏறத்தாழ ஒரே பொருளாதார நிலையில் இருந்த ஊர்களில்கூட, பிரெஞ்சு பேசுபவர்களிடம் பிறப்பு முன்னதாகக் குறைந்ததை ரான் லெஸ்டேகே காட்டினார். ஒரே மொழி பேசுபவர்களிடையே எண்ணம் பரவுகிறது, எல்லையில் தயங்கி நிற்கிறது.

கோல் கடைசியில் வகுத்த மூன்று நிபந்தனைகள் எனக்கு இன்றும் போதுமானவையாகத் தெரிகின்றன. பிள்ளை எண்ணிக்கை நாம் தீர்மானிக்கக்கூடிய விஷயம் என்ற எண்ணம் இருக்க வேண்டும். குறைவாகப் பெறுவதில் பலன் இருக்க வேண்டும். அதற்கான வழி கையில் இருக்க வேண்டும். பொருளாதார வளர்ச்சி முக்கியமாக நடுவில் உள்ளதைத்தான் தருகிறது.

பிரேசில் இதற்கு இன்னொரு சாட்சி. அங்கே அரசு பெரிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் எதையும் நடத்தவில்லை. 1960இல் 6 ஆக இருந்தது நாற்பது, ஐம்பது ஆண்டுகளில் 2க்கு வந்துவிட்டது. குளோபோ தொலைக்காட்சியின் அலைவரிசை எந்தெந்த ஆண்டில் எந்தெந்தப் பகுதிக்குப் போனது என்பதை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. தொடர்கள் எட்டிய இடங்களில், அதுவும் ஏழைப் பெண்களிடம், பிறப்பு கூடுதலாகக் குறைந்திருந்தது. அந்தத் தொடர்களின் நாயகிகளுக்குப் பெரும்பாலும் ஒரு பிள்ளை இருக்கும் அல்லது பிள்ளையே இருக்காது.

#9 – செங்காந்தள்

மருதம் சொன்ன மூன்றாவது நிபந்தனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ‘வழி கையில் இருப்பது’ என்றால் ஊருக்கு நான்கு மைல் தள்ளி ஒரு மருத்துவமனை இருப்பதல்ல.

வங்கதேசத்தில் மத்லாப் என்ற பகுதி. ஆறும் கால்வாயும் வெள்ளமுமாக இருக்கும் தாழ்நிலம். 1977இல் அங்கே ஏறத்தாழ பாதி ஊர்களில் ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். அதே ஊர்ப்பகுதியைச் சேர்ந்த, ஓரளவு படித்த, திருமணமான பெண்களைப் பணியில் அமர்த்தினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் வீட்டுக்கே வருவார். மாத்திரை, ஊசி, ஆணுறை எதுவும் வீட்டு முற்றத்திலேயே கிடைக்கும். மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் தலை சுற்றுகிறது என்றால் அடுத்த முறை வரும்போது அவரிடமே சொல்லலாம், வேறு முறைக்கு மாறலாம். அந்நிய ஆணிடம் போய்ப் பேச வேண்டியதில்லை, வெளியே போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, படகுக்கூலி தேட வேண்டியதில்லை. மற்ற பாதி ஊர்களில் வழக்கமான அரசுச் சேவை மட்டும். சேவை வீடு தேடி வந்த ஊர்களில் பிறப்பு விரைவாகவும் கூடுதலாகவும் இறங்கியது. மற்ற ஊர்களிலும் இறங்கத்தான் செய்தது, ஆனால் பின்தங்கி.

இதே முறை நாடு முழுக்கப் போனது. 1970களின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட 7 இருந்த சராசரி 2011இல் 2.3. இதில் பெரும்பகுதி நடந்தபோது வங்கதேசம் உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று.

ஈரானையும் பாருங்கள். 1980களில் 6.5. 1989இல் அரசு தன் கொள்கையை மாற்றி, கிராமச் சுகாதார நிலையங்கள் வழியாகச் சேவையைக் கொண்டுபோனது. திருமணத்துக்கு முன் மணமக்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு வகுப்பு கட்டாயமானது. அதே சமயம் கிராமத்துப் பெண்பிள்ளைகள் பெருமளவில் பள்ளிக்குப் போனார்கள். 2000 வாக்கில் 2 பக்கம் வந்துவிட்டது. கேரளமும் அப்படித்தான். 1990 வாக்கில் அங்கே ஈடுசெய்யும் அளவைத் தொட்டார்கள், அப்போது அந்த மாநிலத்தின் தனிநபர் வருமானம் இந்தியச் சராசரியைவிடக் கீழேதான் இருந்தது.

இப்போது சொல்லுங்கள், வருமானமா?

#10 – நெடுஞ்சாலை

இவ்வளவு நேரம் யாரும் கட்டாயத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இந்த இழை முழுமையாகாது.

கரண் சிங் 1974இல் அப்படிச் சொன்னார், சரி. 1976இல் அவரே சுகாதார அமைச்சராக இருந்து தேசிய மக்கள்தொகைக் கொள்கையை வெளியிட்டார். நெருக்கடி நிலைக் காலம். 1976-77 ஓராண்டில் இந்தியாவில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள். இலக்கு வைத்து, ரேஷனையும் வேலையையும் உரிமத்தையும் காட்டி மிரட்டி, ஏழை ஆண்களைப் பிடித்துப்போய்ச் செய்தது. அதன் பலன் என்ன? 1977 தேர்தலில் அரசு தோற்றது. குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரே வெறுப்புக்குரியதாகி, நிறைய ஆண்டுகள் பின்தங்கியது. அதற்குப் பிறகு அந்தச் சுமை முழுவதும் பெண்கள் உடம்பின் மீது விழுந்தது. இன்றுவரை ஆண்களுக்கான அறுவை அங்கே மிகக் குறைவு.

சீனாவில் ஒரு குழந்தைச் சட்டம்தான் பிறப்பைக் குறைத்தது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். 1970இல் 5.8 ஆக இருந்தது, அந்தச் சட்டம் வருமுன்பே, 1979இலேயே 3க்குக் கீழே வந்துவிட்டது. அதிலும் அழுத்தம் உண்டு, ஆனால் தாமதமாக மணப்பது, இடைவெளி விடுவது, குறைவாகப் பெறுவது என்ற பிரச்சாரக் காலம் அது. 2016இல் இரண்டு பிள்ளைக்கும் 2021இல் மூன்றுக்கும் அனுமதி கொடுத்தார்கள். பிறப்பு நிலையாக ஏறவில்லை. 2023இல் பிறந்தவர்கள் சுமார் 90 லட்சம், 2016இல் பிறந்தவர்களில் ஏறத்தாழ பாதி.

எதிர்த்திசையில் கட்டாயம் என்றால் ருமேனியா. 1966 அக்டோபரில் சௌஷெஸ்கு அரசு கருக்கலைப்பைத் தடை செய்தது, கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. 1.9 இருந்த விகிதம் மறு ஆண்டே 3.7. சில ஆண்டுகளில் மக்கள் ரகசிய வழிகளைக் கண்டுபிடித்தார்கள், விகிதம் திரும்ப இறங்கியது. இறங்காமல் நின்றது தாய்மார் இறப்பு. சட்டவிரோதக் கருக்கலைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள். 1989 டிசம்பரில் அந்த ஆட்சி விழுந்தவுடன் முதலில் நீக்கப்பட்டவற்றில் அந்த ஆணையும் ஒன்று.

எண்களை வைத்து அழகாக விவாதிக்கும்போது அந்த எண்களுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது மறந்துபோகக் கூடாது.

#11 – செங்காந்தள்

நன்றி நெடுஞ்சாலை. ஒவ்வொரு வார்த்தையும் உடன்பாடு.

#12 – வினாக்குறி

இன்னொரு கேள்வி. இவ்வளவும் 6லிருந்து 2 வரை இறங்கிய கதை. இப்போது பல நாடுகள் 2க்குக் கீழே போய்விட்டன. அங்கே இன்னும் வளர்ந்தால் பிறப்பு மீண்டும் ஏறுமா? எங்கோ அப்படிப் படித்த நினைவு.

#13 – தராசு

நீங்கள் படித்தது 2009இல் நேச்சர் இதழில் மிர்ஸ்கிலா, கோலர், பில்லாரி மூவரும் வெளியிட்ட கட்டுரையைப் பற்றியதாக இருக்கும். வருமானம், கல்வி, ஆயுள் மூன்றையும் சேர்த்து அளக்கும் மனித வளர்ச்சிக் குறியீடு மிக உயர்ந்த கட்டத்தைத் தாண்டியதும் பிறப்பு மெல்லத் திரும்ப ஏறுகிறது என்றார்கள். அந்த நேரத்தில் சுவீடனும் பின்லாந்தும் 2ஐ நெருங்கிக்கொண்டிருந்தன. பெண்கள் வேலைக்குப் போகவும் பிள்ளை வளர்க்கவும் வழிசெய்து கொடுத்தால், ஆண்களும் விடுப்பெடுத்து வீட்டில் இருந்தால், வளர்ச்சியும் பிறப்பும் சேர்ந்தே போகும் என்று எல்லோரும் நம்பினோம்.

அப்புறம் 2010க்குப் பிறகு அந்த நாடுகளே சரிந்தன. பின்லாந்தில் 2010இல் 1.87, 2023இல் 1.26. சுவீடனில் 1.98லிருந்து 1.45. குழந்தைக் காப்பகமும் விடுப்பும் அப்படியே இருக்கும்போது சரிந்தது. நாடுகளுக்கு இடையே இறங்கிப் பிறகு ஏறும் அந்த U வளைவு இன்று முன்போல் நிற்பதில்லை.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. சுவீடன், பின்லாந்து உள்ளிட்ட நார்டிக் நாடுகளுக்குள்ளே பார்த்தால், அதிகம் படித்த பெண்களுக்குக் குறைவான பிள்ளை என்ற பழைய வேறுபாடு 1970களின் தொடக்கத்தில் பிறந்த தலைமுறையில் அநேகமாக மறைந்துவிட்டது. பிள்ளையே இல்லாமல் இருப்பது இப்போது குறைவாகப் படித்த ஆண்களிடம் அதிகம். மருதம் சொன்ன மால்தஸ் காலத்து நேர்விகிதம் வேறு வடிவில் திரும்பி வருவதுபோல எனக்குப் படுகிறது. வசதி இருப்பவர்தான் குடும்பம் அமைக்க முடிகிறது.

#14 – கடலோடி

காரணமும் விளைவும் ஒரே பக்கம் ஓடுவதாக வைத்துப் பேசுகிறோம். பிறப்புக் குறைவே வளர்ச்சியைத் தூண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுவர் எண்ணிக்கை குறைந்து, முதியவர் இன்னும் பெருகாத முப்பது, நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயதினரின் பங்கு உச்சத்தில் இருக்கும். கிழக்காசியாவின் வேகமான வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்குவரை இதனால் வந்திருக்கலாம் என்று ப்ளூமும் வில்லியம்சனும் 1998இல் கணக்கிட்டார்கள். அந்தச் சாளரம் ஒருமுறைதான் திறக்கும். அந்த நேரத்தில் வேலையும் கல்வியும் தரத் தவறிய நாட்டுக்கு முதுமை மட்டும்தான் மிஞ்சும்.

#15 – செங்காந்தள்

தென்கொரியாவைத் தொடாமல் போகிறோமே. 1960இல் 6. 1983இல் 2.1க்குக் கீழே. ‘மகனா மகளா என்று பாராமல் இருவரைப் பெற்று நன்றாக வளர்ப்போம்’ என்று அரசே சுவரொட்டி ஒட்டிய நாடு. 2018இல் 1க்குக் கீழே போனது, 2023இல் 0.72. 2024இல் 0.75. 2006 முதல் பிறப்பை ஏற்ற அரசு கொட்டிய பணம் கொஞ்சமல்ல.

பணத்தால் ஏன் நகரவில்லை? பெண்களின் கல்வியும் வேலைவாய்ப்பும் ஒரே தலைமுறையில் தலைகீழாக மாறின. வீட்டுக்குள் இருக்கும் எதிர்பார்ப்பு மாறவில்லை. சமையல், மாமனார் மாமியார், பிள்ளையின் தனிப்பயிற்சி, எல்லாம் அவள் தலையில். அலுவலகமோ இரவுவரை விடாது. பிள்ளை பெற்றால் வேலையை விட வேண்டும் என்ற நிலை. திருமணத்துக்கு வெளியே பிள்ளை பெறுவதும் அங்கே அரிது, நூற்றுக்கு 5 அளவில்தான். பிரான்ஸில் பாதிக்கும் மேல். ஆகவே திருமணத்தைத் தவிர்க்கும் பெண் தாய்மையையும் சேர்த்தே தவிர்க்கிறாள். இதைச் சுயநலம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவளுக்கு முன்னால் வைக்கப்பட்ட பேரம் அவ்வளவு மோசமானது.

எண்ணத்துக்கு எவ்வளவு வலு என்பதற்கு ஜப்பானின் 1966ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள். அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனுக்கு ஆகாது என்ற நம்பிக்கை. 2.1 சுற்றி இருந்த விகிதம் அந்த ஒரே ஆண்டில் 1.58க்கு விழுந்து, அடுத்த ஆண்டே எழுந்தது. பொருளாதாரம் அப்போது பாய்ச்சலில் இருந்தது. வழி கையில் இருந்தது, எண்ணமும் இருந்தது, ஆகவே ஒரு நாடே ஓராண்டு தள்ளிப்போட்டது.

#16 – நெடுஞ்சாலை

தள்ளிப்போடுவது பற்றி ஒரு சின்னக் குறிப்பு. பெண்கள் 25க்குப் பதில் 30இல் பெறத் தொடங்கும் மாற்றக் காலத்தில், கடைசியில் அதே இரண்டு பிள்ளை பெற்றாலும், ஆண்டுக் கணக்கு கீழே இழுக்கப்படும். போங்கார்ட்ஸும் ஃபீனியும் 1998இல் இதற்குத் திருத்தம் தந்தார்கள். ஆகவே ஒரு ஆண்டின் 1.2ஐப் பார்த்துப் பதறுவதற்கு முன், அந்தப் பெண்கள் 45 வயதை எட்டும்போது எத்தனை பெற்றிருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். கொரியாவில் அப்படிப் பார்த்தாலும் குறைவுதான்.

#17 – மருதம்

இனி உலகக் கணக்கு எங்கே தீர்மானமாகும் என்றால் சகாராவுக்குத் தெற்கே. ஐ.நா. 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலக மக்கள்தொகை 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொடும். அது முன்னே வருமா பின்னே போகுமா என்பதை அங்கே நடப்பதுதான் முடிவு செய்யும்.

கென்யாவில் 1970களின் இறுதியில் 8. 1998இல் 4.7. எல்லோரும் இனி வழுக்கிக்கொண்டு போகும் என்று எதிர்பார்த்தபோது 2003இல் 4.9. எய்ட்ஸ் காலத்தில் கருத்தடைச் சேவைக்கான பணமும் கவனமும் வேறுபக்கம் போயின, குழந்தை இறப்பும் ஏறியிருந்தது. செங்காந்தள் அக்காவின் காப்பீட்டுக் கணக்கு அங்கே பின்னோக்கி வேலை செய்தது என்று சொல்லலாம். 2022இல் 3.4க்கு வந்திருக்கிறது.

எத்தியோப்பியாவில் இன்னொரு விசித்திரம். 2000ஆம் ஆண்டின் ஆய்வில் கிராமப்புறத்தில் ஒரு பெண்ணுக்கு 6க்கு மேல், தலைநகர் அடிஸ் அபாபாவில் 1.9. வளம் பெருகியதால் அல்ல. வேலை இல்லை, தங்க வீடு கிடைக்கவில்லை, திருமணம் தள்ளிப்போனது. வறுமையும் பிறப்பைக் குறைக்கும் என்பதற்கு அது சான்று.

#18 – கடலோடி

அடிஸ் அபாபாவை ஏற்கிறேன். ஆனால் நகரமாவதும் வளர்ச்சியின் ஒரு முகம்தானே, மருதம்? எண்ணம் பரவ, சேவை வர, பள்ளி நடக்க, எல்லாவற்றுக்கும் அடியில் ஏதோ ஒரு பொருளாதாரம் இருக்கிறது.

#19 – தராசு

அடியில் இருக்கிறது ஐயா, ஆனால் அது எங்கே செலவாகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். நைஜீரியாவின் 2018 ஆய்வைப் பாருங்கள். எண்ணெய் வருமானம் மொத்த நாட்டுக்கும் ஒன்றுதான், கொள்கையும் மேலிருந்து ஒன்றுதான். லாகோஸ் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்கு 3.4. வடக்கே கட்சினாவில் 7.3. லாகோஸில் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளிப்படிப்பை முடிக்கிறார்கள். கட்சினாவில் பதினாறு வயதுக்குள் மணமாகிவிட்டவர்கள் ஏராளம். நாட்டின் வருமானத்தை இரட்டிப்பாக்கி அதை இதே முறையில் பங்கிட்டால் கட்சினாவின் எண் எவ்வளவு அசையும் என்று நினைக்கிறீர்கள்? அதே பணத்தில் அங்கே பெண்பிள்ளைகளுக்கு மேல்நிலைப் பள்ளிகளும், மத்லாபில் வந்ததுபோல வீடு தேடி வரும் ஒரு பெண்ணும் இருந்தால் எவ்வளவு அசையும்? நான் முதல் பதிவில் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த விடை இந்த இரண்டு கேள்விகளுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது.